புகைபோக்கியைத் தாண்டிய பின் உருவாகும் நச்சு

ஓமானின் வடக்குக் கரையோர நகரான சோஹாரில், 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட துறைமுகத் திட்டத்தைச் சுற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அலுமினிய உருக்காலை, எஃகு ஆலைகள் எனப் பல கனரகத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. தமிழர்கள் உட்பட வெளிநாட்டுத் தொழிலாளர் பலருக்கு அவை வேலை அளிக்கின்றன.

ஆனால் அருகிலுள்ள லிவா பகுதி மக்கள், காற்று மாசு குறித்து முறையிட்டு வந்துள்ளனர். 2013 ஆகஸ்டில் அங்கு நடந்த ஆர்ப்பாட்டத்தை அடுத்து, அப்பகுதியின் ஷூரா சபை உறுப்பினர் தாலிப் அல் மாமரி கைதுசெய்யப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார். 2016இல் அரச மன்னிப்பின் பேரில் அவர் விடுதலையானார்.

இத்தகைய சர்ச்சைகளில் வழக்கமாக எழும் கேள்வி, புகைபோக்கியிலிருந்து என்ன வெளியேறுகிறது என்பதே. வெளியேறிய பின் காற்றில் அது என்னவாக மாறுகிறது என்பதும் அதேயளவு முக்கியமானது.

காற்றில் நிகழும் மாற்றம்

எண்ணெய், டீசல், நிலக்கரி போன்றவை முழுமையாக எரியாதபோது, ஃபுளோரான்தீன், பைரீன் போன்ற பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் உண்டாகின்றன. வெப்பம் மிகுந்த சூழலில் இவை பெருமளவு வாயுவாகவே காற்றில் உலவுகின்றன.

பகலில், சூரிய ஒளியின் துணையால் உருவாகும் ஹைட்ராக்சில் என்ற வினைத்திறன் மிக்க மூலக்கூறு இவற்றை முதலில் தாக்குகிறது. பின்னர் நைட்ரஜன் டை ஆக்சைடு வந்து இணைகிறது. இரவில் இதே மாற்றத்தை நைட்ரேட் தொடங்கிவைக்கிறது. இவ்வாறு உருவாகும் நைட்ரோ சேர்மங்கள் நுண்துகள்களில் படிந்து, மூச்சுக்காற்றுடன் நுரையீரலை அடைகின்றன.

இவற்றில் 2-நைட்ரோஃபுளோரான்தீன் பெரும்பாலும் காற்றிலேயே உருவாவது. எனவே ஆலைப் புகையை மட்டும் அளந்தால் அது தென்படாது.

ஆய்வுகள் கூறுவது

கலிபோர்னியப் பல்கலைக்கழக விஞ்ஞானி ஜேம்ஸ் பிட்ஸ் குழுவினர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. பென்சோபைரீன் என்ற மாசுப்பொருள், உடலின் நொதிகளால் மாற்றப்பட்ட பிறகே மரபணுக்களைப் பாதிக்கிறது. ஆனால் நைட்ரஜன் டை ஆக்சைடும் சிறிதளவு நைட்ரிக் அமிலமும் கலந்த காற்றில் வைக்கப்பட்டபோது, அதிலிருந்து உருவான நைட்ரோ சேர்மங்கள் சால்மொனெல்லா பாக்டீரியாக்களில் நேரடியாகவே மரபணுப் பிறழ்வை ஏற்படுத்தின.

பாக்டீரியாச் சோதனை மட்டுமே மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்பதற்கு நிரூபணமாகாது. எனினும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிப்புறக் காற்று மாசையே புற்றுநோய்க் காரணியாக 2013இல் வகைப்படுத்தியது.

கடும் வெயில், டீசல் வாகனங்கள், கப்பல்கள், ஆலைகள் ஆகிய அனைத்தும் வளைகுடாத் துறைமுகங்களில் ஒருங்கே அமைந்துள்ளன. பகலில் வீசும் கடற்காற்று மாசைக் குடியிருப்புகளை நோக்கித் தள்ளுகிறது.

ஆகவே ஆலைகள் விதிமுறைக்கு உட்பட்டே புகை வெளியிடுகின்றன என்பது மட்டும் போதுமான பதிலாகாது. மக்கள் வசிக்கும் இடத்தில், அவர்கள் சுவாசிக்கும் துகள்களில் என்ன இருக்கிறது என்பதையும் அளந்தறிய வேண்டியுள்ளது.