விதை எண்

ஒரு தாளை எடுத்து, 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களை எவ்வித ஒழுங்குமின்றி, மனத்திற்கு வந்தவாறு 50 முறை எழுதிப் பாருங்கள். எழுதி முடித்தபின் அவ்வரிசையைக் கூர்ந்து நோக்குங்கள். ஒரே இலக்கம் அடுத்தடுத்து இருமுறை வருவது அதில் மிக அரிதாகவே இருக்கும். உண்மையிலேயே தற்செயலாக எழுந்த வரிசையாயின், சராசரியாக ஐந்து இடங்களில் அத்தகைய இரட்டைகள் வந்திருக்க வேண்டும். நாமோ, "இப்பொழுதுதானே 7 எழுதினோம்" என்று எண்ணி, நம்மை அறியாமலே அதை விலக்கிவிடுகிறோம். ஒழுங்கின்மையை வேண்டுமென்றே உண்டாக்குவது மனித மனத்திற்கு எளிதாக இல்லை.

இது விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் மனித உயிர்களும் இதைச் சார்ந்து நின்றதுண்டு. 1947-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைக் காசநோயாளர்க்குக் கொடுத்துச் சோதிக்க முற்பட்டது. அந்நாளில் அம்மருந்து மிகக் குறைவாகவே கிடைத்தது. எல்லார்க்கும் கொடுக்க இயலாது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்திருந்தால், தேறக்கூடியவர் என்று தமக்குத் தோன்றியவரை மருந்துப் பக்கம் சேர்த்திருக்கக்கூடும். பின்னர் மருந்தின் பயன் எது, தேர்வின் பயன் எது என்று பிரித்தறிய முடியாது. ஆதலின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பட்டியல் அமைத்தார். ஒவ்வொரு முடிவும் முத்திரையிட்ட உறையில் இடப்பட்டது. நோயாளி சேர்க்கப்பட்ட பின்னரே உறை பிரிக்கப்பட்டது. 107 நோயாளிகளில் 55 பேர் மருந்து பெற்றனர். 52 பேர் பெறவில்லை. ஆறு மாதங்களில் முதற்குழுவில் 4 பேரும், இரண்டாம் குழுவில் 14 பேரும் இறந்தனர். 1948-இல் இம்முடிவு வெளியாயிற்று.

1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையமும் நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையிலேயே இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவினர் தத்தம் வீட்டிலும், மற்றக் குழுவினர் சானடோரியத்திலும் மருந்து உட்கொண்டனர். வீட்டிலிருந்தபடியே பெறும் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தரும் என்பது 1959-இல் வெளியான அறிக்கையால் விளங்கிற்று.

இத்தகைய வேலைகளுக்கு வேண்டிய சமவாய்ப்பு எண்கள் எங்கிருந்து கிடைத்தன? 1927-இல் டிப்பெட் என்னும் ஆங்கிலேயர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து எடுத்த 41,600 இலக்கங்களைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். 1955-இல் அமெரிக்காவின் ராண்டு நிறுவனம், மின்னணுக் கருவியொன்றால் பெற்ற 10 லட்சம் இலக்கங்களைப் புத்தகமாக அச்சிட்டது. பக்கத்திற்கு 50 வரி, வரிக்கு 50 இலக்கம் என 400 பக்கங்கள். ஆக 20,000 வரிகள்.

புத்தகம் கையில் இருக்கிறது. எந்த வரியிலிருந்து படிக்கத் தொடங்குவது? எல்லாரும் முதற் பக்கத்தின் முதல் வரியிலேயே தொடங்கினால், எல்லா ஆராய்ச்சிகளும் அதே எண்களைப் பயன்படுத்தியனவாகும். ராண்டு நூலின் முன்னுரை இதற்கு ஒரு வழி கூறுகிறது. ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, பாராமல் ஓர் ஐந்திலக்க எண்ணைத் தொட வேண்டும்; அவ்வெண்ணைக் கொண்டு தொடங்கும் வரியை அறிய வேண்டும். இத்துடன் ஓர் எச்சரிக்கையும் உண்டு. புத்தகங்கள் பழகிய பக்கத்திலேயே மீண்டும் மீண்டும் திறந்துகொள்ளும். மனிதர் விரலும் பக்கத்தின் நடுப்பகுதியையே நாடும். ஆகவே ஒருமுறை தொடக்கத்திற்குப் பயன்பட்ட எண்ணைக் குறித்து வைத்து, மறுமுறை அதனை அப்பணிக்குப் பயன்படுத்தலாகாது. நாம் இன்று விதை எண் என்று கூறுவது, புத்தகத்தில் தொட்ட அந்தத் தொடக்க எண்ணின் வேறு வடிவமே ஆகும்.

கணிப்பொறி வந்தபின், எண்களைப் புத்தகத்தில் தேடாமல் பொறியே கணக்கிட்டுக் கொள்ளும் முறைகள் தோன்றின. ஜான் வான் நாய்மன் என்னும் கணித மேதை 1940களில் கூறிய முறையைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம்; அதுவே விதை. அதை அதனாலேயே பெருக்கி, வரும் எட்டு இலக்கங்களில் நடுவிலுள்ள நான்கை எடுப்போம். அது அடுத்த எண். 1234 என்னும் விதையின் வர்க்கம் 01522756. நடுவில் இருப்பது 5227. இதன் வர்க்கம் 27321529, நடுவில் 3215. அடுத்து 3362, அதற்கடுத்து 3030. முறையை அறியாதவர்க்கு இவை எவ்வித ஒழுங்கும் அற்றனவாகத் தோன்றும். ஆனால் 1234 என்று தொடங்கும் எவர்க்கும், எந்த ஊரிலும், எந்த ஆண்டிலும் இதே வரிசைதான் கிடைக்கும்.

எண்கள் தற்செயலானவைபோல் நடந்துகொள்ள வேண்டும். ஆயினும் ஒருவர் செய்த ஆய்வை மற்றொருவர் இம்மியும் பிசகாமல் மீண்டும் செய்து சரிபார்க்கவும் இயல வேண்டும். முன்னதைத் தருவது முறை. பின்னதைத் தருவது, எழுதி வைக்கப்பட்ட விதை.

எல்லா விதைகளும் ஒன்றுபோல் முளைக்குமா எனின், வான் நாய்மன் முறையில் முளைப்பதில்லை. 2500-ஐ விதையாக இட்டால் அதன் வர்க்கம் 06250000. நடுவில் மீண்டும் 2500. 3792-இன் வர்க்கம் 14379264. அதிலும் நடுவில் 3792. இவ்விரு விதைகளும் ஒரே எண்ணை முடிவின்றித் தந்துகொண்டிருக்கும். 6100 என்று தொடங்கினால் 2100, 4100, 8100 என்று சென்று மீண்டும் 6100-க்கே வந்துவிடும். இவ்வாறு முறை பலவீனமாயின், விதையை அஞ்சி அஞ்சித் தேர வேண்டியிருக்கிறது.

முறையே பழுதானால் எந்த விதையும் காப்பாற்றாது என்பதற்கும் சான்று உண்டு. 1960களில் பெரிதும் பரவியிருந்த "ராண்டு" என்னும் ஐ.பி.எம். நிரல் ஒன்று இருந்தது. மேலே கூறிய நிறுவனத்திற்கும் இதற்கும் பெயர் ஒற்றுமையன்றித் தொடர்பில்லை. அது தரும் எண்களை மும்மூன்றாக எடுத்து வெளியில் புள்ளிகளாகக் குறித்தால், அவையெல்லாம் 15 இணைதளங்களிலேயே அடுக்கடுக்காக அமைந்தன. விதையை மாற்றிப் பார்த்தாலும் அடுக்குகள் மறையவில்லை.

இன்று நிலைமை பெரிதும் திருந்தியிருக்கிறது. மட்சுமோட்டோ, நிஷிமுரா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் 1998-இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் முறையைப் புள்ளியியலாரின் ஆர் மொழி தன் இயல்பான முறையாகக் கொண்டுள்ளது. அதன் எண் வரிசை ஒரு சுற்று முடிந்து மீளுமுன் வரும் எண்களின் தொகையை எழுதினால், அத்தொகையே 6002 இலக்கங்கள் கொண்டதாகும். அம்முறையிலும் விதையை உள்ளே விரித்துப் பரப்பும் பகுதியில் ஒரு குறை கண்டு, ஆசிரியர்களே 2002-இல் அதைத் திருத்தினர். இத்தகைய நல்ல முறைகளில் 1 என்றாலும், 1234 என்றாலும், பிறந்த நாள் என்றாலும் விதை விதைதான். பலர் 42 என்று இடுகின்றனர், 1978-இல் பி.பி.சி. வானொலியில் ஒலிபரப்பான டக்ளஸ் ஆடம்ஸின் நகைச்சுவைத் தொடரில், வாழ்வு முதலிய அனைத்திற்கும் விடையாக அவ்வெண் வந்ததே அதற்குக் காரணம்.

எண் எதுவாயினும் ஆகுக என்றால், தேர்ந்தெடுப்பதில் கவலைப்பட என்ன இருக்கிறது? எப்பொழுது தேர்ந்தோம், எதற்காகத் தேர்ந்தோம் என்பவற்றிலேதான் கவலை இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம்.

ஒரு சதுரத்தினுள், அதன் நான்கு பக்கங்களையும் தொடும் வட்டம் ஒன்று வரைந்திருக்கிறோம். சதுரத்தினுள் 100 புள்ளிகளைச் சமவாய்ப்பு முறையில் தூவி, வட்டத்தினுள் விழுந்தவற்றை எண்ணி, 100-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் பை என்னும் மாறிலியின் மதிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். ஒரு விதைக்கு 2.96 வரும், இன்னொன்றுக்கு 3.32 வரும். 100 புள்ளிகளை மட்டும் தூவும்போது விடை இப்படி 0.16 அளவுக்கு இங்குமங்கும் ஆடுவது இயல்பே. இப்பொழுது ஒரு மாணவர் விதைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார். ஏழாவது விதைக்கு 79 புள்ளிகள் உள்ளே விழுந்து 3.16 என்று வருகிறது. "இதோ என் விடை" என்று அந்த விதையை எழுதிக் கொடுக்கிறார். அவர் பையைக் கண்டுபிடித்தாரா? இல்லை. 3.14 என்பதை முன்னரே அறிந்திருந்ததால், அதற்கு ஒத்த விதையைப் பொறுக்கி எடுத்தார்.

பையின் மதிப்பு நமக்குத் தெரியும். ஆதலின் இக்குற்றம் எவரையும் வருத்தாது. ஒரு மருந்து பயன்படுமா, ஒரு பயிர் விளையுமா என்னும் ஆய்வுகளில் விடை எவர்க்கும் தெரியாது. ஆனால் ஆய்வாளர்க்கு விருப்பம் உண்டு. பயன் ஏதுமில்லாத பொருளையும், 100-க்கு 5 முறை பயனுள்ளதுபோல் காட்டிவிடக்கூடிய சோதனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராதவாறு அதை 20 முறை செய்தால், ஒரு முறையேனும் பொய்யான வெற்றி கிடைப்பதற்குரிய வாய்ப்பு 100-க்கு 64 ஆகிறது. விதையை மாற்றி மாற்றிச் சோதித்து, வெற்றி வந்த ஒன்றை மட்டும் வெளியிட்டு மற்றவற்றை மறைப்பவர் இந்த வழியிலேதான் செல்கிறார். அந்த விதையைக் கொண்டு எவர் மீண்டும் செய்தாலும் அதே வெற்றி தோன்றும். ஆதலின் மீளச் செய்ய இயல்வது மட்டும் நேர்மைக்குச் சான்றாகிவிடாது. ஹில் அமைத்த பட்டியல் உறைக்குள் முத்திரையிடப்பட்டிருந்ததற்கும், விதையை முன்னரே குறித்துவிட வேண்டும் என்பதற்கும் காரணம் ஒன்றே: முடிவு தெரிந்தபின் எவரும் தேர்வில் கை வைக்கலாகாது.

ஆகவே நிரல் எழுதும் மாணவர்க்கு முதல் விதி இது: விடையைப் பார்க்குமுன் விதையைக் குறித்துவிடுக, பார்த்தபின் மாற்றாதே. உமது முடிவு விதையைப் பொறுத்து மாறுகிறதா என்னும் ஐயம் எழுந்தால், பல விதைகளால் செய்து எல்லா விடைகளையும் ஒருசேரக் காட்டுக. அவை வெகுவாக வேறுபட்டால், குறை விதையில் இல்லை. முயற்சிகளின் தொகை போதவில்லை. புள்ளிகளை 100-லிருந்து 10,000 ஆக்கினால், மேற்சொன்ன ஆட்டம் 0.016 ஆகப் பத்தில் ஒன்றாகக் குறையும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு வேண்டும்.

இரண்டாவது விதி: நிரலின் தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் விதைக்க. ஆயிரம் முறை திரும்பத் திரும்ப நிகழும் கணக்கில், ஒவ்வொரு சுற்றிலும் அதே விதையை இடுபவர், ஒரே முயற்சியை ஆயிரம் முறை நகலெடுத்தவர் ஆவார். கடிகாரத்தின் நொடியை விதையாகக் கொள்ளும் நிரல்களிலும் இவ்விடர் உண்டு. பல பொறிகளை ஒரே நொடியில் தொடங்கினால், எல்லாம் ஒரே வரிசையைத் தரும்.

மூன்றாவது: விதையுடன் முறையின் பெயரையும், மொழியின் பதிப்பையும் எழுதி வைக்க. ஆர் மொழியின் 3.6.0 பதிப்பு 2019-இல் வெளியானபோது, மாதிரி எடுக்கும் ஆணையின் உள்வழி திருத்தப்பட்டது. அதன் பயனாக, பழைய பதிப்பில் ஒரு விதை தந்த மாதிரியைப் புதிய பதிப்பின் இயல்பான அமைப்பில் அதே விதை தருவதில்லை.

நான்காவது, விதையின் அளவைப் பற்றியது. 32 இரும இலக்கங்களால் ஆகும் விதைகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. பெரிய தொகைதான். ஆனால் 13 மாணவரை வரிசையாக நிறுத்தும் வகைகளோ 622 கோடியே 70 லட்சத்து 20 ஆயிரத்து 800. ஆகவே அத்தகைய விதை ஒன்றினால் மட்டும் தொடங்கி வரிசையைக் குலுக்கினால், பத்தில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வரிசைகள் எக்காலத்தும் வாரா. பொதுவான ஆய்வுகளுக்கு இது தடையாகாது; ஆயினும் பெரிய அடுக்குகளைக் குலுக்குவோர் நீண்ட விதைகளை நாட வேண்டும். பரிசுச் சீட்டு, மறைசொல் முதலியவற்றிற்கு இம்முறைகளே ஆகா. அங்கே எண் எவர்க்கும் தெரியாதிருக்க வேண்டும். புள்ளியியலிலோ விதை எல்லார்க்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நாளை உங்களுள் ஒருவர், எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று முடிவு செய்யும் நிரலை எழுதக்கூடும். அதன் முதல் வரியில் நீங்கள் இடும் எண் 42 ஆகலாம், 1234 ஆகலாம். அதை எப்பொழுது இட்டீர்கள் என்று பிறர் கேட்டால், "நோயாளிகளின் பெயரைக் காணுமுன்" என்று தயங்காமல் விடை சொல்ல உங்களால் இயல வேண்டும்.