மருந்து செல்லும் வழி

"டாக்டர் ஊசி போடவில்லையே!" என்ற மனக்குறையோடு வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் நம்மில் அநேகர். மாத்திரை சாதாரண மருந்து, ஊசியே உயர்ந்த மருந்து என்னும் எண்ணம் படித்த குடும்பங்களிலும் வேரூன்றியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் சரி என்று சற்று விசாரிப்போம்.

மருந்து பலிக்க வேண்டுமானால், நோயுள்ள இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேர வேண்டும்; சேர்ந்த பின் போதிய நேரம் தங்கவும் வேண்டும். நாம் விழுங்கும் மாத்திரை வயிற்றில் கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் ஒரு சுங்கச் சாவடி. சில மருந்துகளைத் தடையின்றி அனுப்பிவிடும். சிலவற்றில் பெரும் பகுதியைப் பறிமுதல் செய்துவிடும். எஞ்சியதே இரத்தத்தோடு உடலெங்கும் பரவுகிறது. பிறகு அதுவும் கல்லீரலால் சிதைக்கப்பட்டும், சிறுநீரகங்களால் வெளியேற்றப்பட்டும் குறைந்துகொண்டே வரும். வற்றும் சமயத்தில் அடுத்த வேளை மருந்து வந்து சேர வேண்டும் என்பதற்காகவே வைத்தியர் நேரம் குறித்துக் கொடுக்கிறார். தவறிய வேளைக்கும் சேர்த்து இரட்டிப்பாக விழுங்குவது பல மருந்துகளில் அபாயம்.

ஆகவே, வழியைத் தீர்மானிப்பது மருந்தின் குணமேயன்றி அதன் அந்தஸ்து அல்ல. நீரிழிவுக்கான இன்ஸுலின் ஒரு புரதம். விழுங்கினால் சோற்றைப் போல் ஜீரணமாகிவிடும். எனவே 1922-ஆம் ஆண்டு டொரான்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குக் கொடுக்கப்பட்ட போதே அது ஊசி மூலம் செலுத்தப்பட்டது. மார்வலிக்கான நைட்ரோகிளிஸரினை நாவின் அடியில் வைத்தால், சாவடிக்குப் போகாமலே இரத்தத்தில் கலந்து சில நிமிஷங்களில் வலியைத் தணிக்கும். இழுப்பு நோய்க்கான ஸால்பூடமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் இருக்கலாம். மூச்சோடு இழுக்கும்போது ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. நேரே சுவாசக் குழாய்க்கே போவதால் அவ்வளவு சிறிய அளவும் வேலை செய்கிறது.

ஊசியே உயர்ந்தது என்ற எண்ணத்துக்குச் சரியான பதிலை 1971-இல் நம் தேசத்து வைத்தியர் ஒருவர் அளித்தார். கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் நிறைந்திருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் உப்பு நீர் கையிருப்பில் தீர்ந்துகொண்டிருந்தது. குளுகோஸ் கூட இருந்தால் காலராக் குடலும் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்பது அதற்கு முன்பே ஆராய்ச்சிகளில் தெரிந்த உண்மை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அதை நம்பினார். லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது! தாய்மார் கையிலிருந்த தம்ளர் அங்கே ஊசியின் வேலையைச் செய்தது.

ஆனால் அந்தத் தம்ளருக்கும் அளவு உண்டு. ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலத்தை ஒரே தம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால், உப்பு மிகுந்து தீங்கு நேரும். உறையில் கண்ட அளவு நீரே சேர்க்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், சுத்தமான ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம்; குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தால் தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

இனி வைத்தியசாலைக்குப் போகும்போது ஊசிக்காக மன்றாட வேண்டாம். "இந்த மருந்தை எப்படி, எவ்வளவு, எத்தனை நாள் கொடுப்பது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்புவோம். குடும்பத்தின் க்ஷேமம் அந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.