வண்டிகளும் வாழ்வும் – 7: எட்ஸெல் என்னும் வேண்டாப் பிள்ளை

பிக்கரிங்குக்குக் கிழக்கே, ஒஷாவா நகரில், குதிரை வண்டி செய்து பிழைத்த மக்லாக்லின் குடும்பத்தார் பியூக் எஞ்சின்களைப் பொருத்தி மோட்டார் வண்டி செய்யத் தொடங்கி, 1918-இல் ஜெனரல் மோட்டார்ஸோடு ஐக்கியமான கதையைச் சென்ற வாரம் சொன்னேன். அது ஜயித்தவர்களின் சரித்திரம். இந்த வாரம் நேர் எதிர்த் திசையில், ஒன்டாரியோ ஏரிக்கரையோடு டொரொண்டோவைக் கடந்து, மேற்கே ஓக்வில் வரையில் போகவேண்டும். அங்கேயுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில்தான், யாரும் வாங்க விரும்பாத காரென்று உலகமே பரிகசித்த எட்ஸெல், 1958, 1959 மாடல்களில் ஏழாயிரத்துச் சொச்சம் உருவாயிற்று.

இந்தக் காரை மட்டுமே சேகரிக்கும் பக்தர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் ஒருவர் தம் பண்ணையில் நூற்றுக்கும் மேற்பட்ட எட்ஸெல்களைச் சேர்த்து வைத்ததுண்டு. பைத்தியம் என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பார்த்தால், புகழ்பெற்ற கார்களைச் சேகரிப்பவருடைய அவஸ்தைக்குத்தான் முடிவில்லை. ஃபோர்டின் மாடல் டி ஒன்றே ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியானது. எட்ஸெல் அபிமானிக்கோ தம் சமுத்திரத்தின் மறுகரை கண்ணுக்குத் தெரிகிறது: 1957 செப்டம்பர் 4-ஆம் தேதி ஜனனம், 1959 நவம்பர் 19-ஆம் தேதி மரண அறிவிப்பு, இடையில் மூன்றே மாடல் வருஷங்கள். முதல் வருஷம் ரேஞ்சர், பேஸர், கோர்சேர், சைட்டேஷன் என்றும், ஸ்டேஷன் வேகன்களுக்கு வேறு பெயர்களுமாகப் பதினெட்டு விதங்கள் வந்தன. கடைசி வருஷத்தில் மொத்தமே மூவாயிரத்துக்கும் குறைவு, அதில் மேற்கூரை மடக்கும் கார்கள் 76. இதையெல்லாம் ஒரு மனிதர் தம் ஆயுளுக்குள் கற்றுத் தேர்ந்துவிடலாம்.

அந்த வீழ்ச்சிக்குக் காரணம் முன்புற அவலக்ஷணமே என்பார்கள். நிமிர்ந்து நிற்கும் அந்த கிரில்லைக் குதிரையின் கழுத்துப்பட்டை என்று கேலி செய்தார்கள். என் அபிப்பிராயத்தில் அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. குற்றம் வேறிடத்தில் இருந்தது. மாதக்கணக்கில் காரை மூடி மறைத்து விளம்பரம் செய்து ஜனங்களின் ஆவலை வானளாவ வளர்த்துவிட்டு, திரையை விலக்கியபோது வந்தது ஃபோர்டு, மெர்குரி கார்களின் நெருங்கிய உறவுதான். விலையும் அவ்விரண்டின் விலைகளோடு முட்டி மோதியது. அமெரிக்காவில் வியாபார மந்தம் பரவியிருந்த சமயம் வேறு. தனித் தொழிற்சாலை இல்லாமல் மற்றக் கார்களின் வரிசையிலேயே இடையிடையே புகுத்திச் செய்ததால், சில வண்டிகள் பாகங்கள் குறைந்தே விற்பனையாளரிடம் வந்து சேர்ந்தன. குறைந்தவற்றின் ஜாபிதா ஸ்டீரிங்கில் கட்டியிருந்ததாம்! சுமார் 25 கோடி டாலர் நஷ்டம் என்பது பொதுவான கணக்கு.

என் மனத்தை அதிகம் உறுத்துவது பெயரின் கதை. ஹென்றி ஃபோர்டின் ஒரே புதல்வர் எட்ஸெல், தந்தைக்கு இல்லாத அழகுணர்ச்சி படைத்தவர். லிங்கன் காண்டினென்டலின் நேர்த்திக்கு மூலபுருஷர் அவரே. 1943-இல், நாற்பத்தொன்பதாம் வயதில் காலமானார். புதிய காருக்குப் பெயர் தேடி விளம்பர ஸ்தாபனத்தார் ஆயிரக்கணக்கில் பெயர்களைக் குவித்தார்கள். கவி மரியான் மூரிடம்கூட யோசனை கேட்டார்கள். அவர் அளித்தவற்றில் 'உடோபியன் டர்ட்டில்டாப்' என்ற விநோதமும் ஒன்று. இறுதியில், குடும்பத்தார் விரும்பாதிருந்தும், நிர்வாகத் தலைவர் எர்னஸ்ட் பிரீச் காலஞ்சென்றவரின் பெயரையே சூட்டினார். ரசனைக்குப் பெயர்போன ஒருவர் பெயர் தோல்விக்கு மறுபெயராயிற்று.

சேகரிப்பவர்களின் பிரயாசை தனி. எஞ்சின், பிரேக் முதலியவற்றில் பலவற்றுக்கு ஃபோர்டு குடும்பத்து உதிரிப் பாகங்களே உதவுகின்றன. கிரில், அலங்காரப் பட்டைகள், டாஷ்போர்டு ஆகியவை எட்ஸெலுக்கே உரியவை. அவற்றுக்காக இன்னொரு எட்ஸெலைத்தான் பிரிக்கவேண்டும். 1958 மாடலில் ஸ்டீரிங்கின் நடுவிலே கியர் மாற்றும் பொத்தான்களை வைத்தார்கள். ஹார்ன் அடிக்கும் பழக்கத்தில் கை அங்கேதான் போகும். பொத்தானுக்குக் கீழ்ப்படிய வேண்டிய மின் மோட்டாரும் அடிக்கடி சண்டித்தனம் செய்தது; அடுத்த வருஷமே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். இவ்வளவுக்கும் மேலாக, ஒன்டாரியோவில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு பழைய இரும்பை அரித்துத் தின்றுவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பிக்கரிங்குக்கு வந்தவர்களுக்குப் பழைய காரைக் காப்பாற்றும் வித்தை புதிதல்ல. 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெட்ரோலைச் சொட்டு விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஆஸ்டினையும் மோரிஸ் மைனரையும் ஓட்டியவர்கள் அவர்கள். அங்கே வேறு வண்டி இல்லாததால் அந்த வண்டி பிழைத்தது. எட்ஸெலோ எத்தனையோ நல்ல வண்டிகள் வாசலில் நிற்கும் நாட்டில், எந்தத் தேவையும் இல்லாமல், பிரியம் ஒன்றினாலேயே பிழைக்கிறது. இவ்விரண்டில் எது கடினமான காரியம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அடுத்த வாரம் ஏரியின் மேல்முனையில் ஹாமில்டனுக்குப் போவோம்; 1966 மார்ச் 17-ஆம் தேதி கடைசி ஸ்டுடிபேக்கர் வெளிவந்த ஊர் அது.