வாடகைக்கு விட வீடு வாங்குறீங்களா? இன்ஜினியர் ரிப்போர்ட்டை இப்படிப் படிங்க

நெமிலி பக்கம் வாடகைக்கு விட முதல் வீடு வாங்குறீங்கன்னா, பேங்க் வேல்யூவர் ரிப்போர்ட் மட்டும் போதாது. அது பேங்க் தன் கடனுக்காகப் பார்க்கிறது. தனியா ஒரு சிவில் இன்ஜினியரை வச்சுப் பாருங்க.

அவர் ரிப்போர்ட்டில் "பூச்சில் மயிரிழை விரிசல்"னு இருந்தா பெரும்பாலும் பட்டி, பெயிண்ட் செலவுதான். தூண், பீமில் கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட் உதிருதுன்னா யோசிங்க.

ராணிப்பேட்டை மாவட்டம் தோல் தொழில் பகுதி. போர் தண்ணியை லேபில் கொடுங்க. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. டி.டி.எஸ். 500 வரை நல்லது. (இது நம்ம வரி டி.டி.எஸ். இல்லைங்க!)

வீட்டு வரி போக மீதி வாடகையில் 30% கழிவு உண்டு. ரிப்பேர் செலவு அதுக்குள்ளேயே அடக்கம்; எவ்வளவு ஆனாலும் தனியா கழிக்க முடியாது. அதனால ரிப்பேர் எஸ்டிமேட்டைக் காட்டி, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே விலையைக் குறைச்சுப் பேசுங்க.