மழையில் நிற்கும் அம்பாசிடர் வைப்பர்: மோட்டாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை என்ன?

கொல்கத்தா: எஞ்சின் நின்றுபோனால் கார் சாலையோரம் ஒதுங்கும். கொட்டும் மழையில் வைப்பர் நின்றுபோனால் கார் ஓடிக்கொண்டேயிருக்கும். ஓட்டுநருக்குச் சாலைதான் தெரியாது. பழைய கார்களைப் பேணி வருவோருக்குப் பருவமழைக் காலத்தில் நேரும் இந்த இக்கட்டுக்கு, பெரும்பாலும் மோட்டாரே குற்றவாளியாக்கப்படுகிறது.

மேற்கு வங்கத்தின் உத்தரபாரா தொழிற்சாலையில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. பழைய வண்டிகளுக்கான அசல் மோட்டார் இனி எளிதில் கிடைக்காது. நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்திய பிறகும் வைப்பர் அசையாமல் இருந்தால், பணமும் போய், அசல் பாகமும் போய், பழுது மட்டும் வண்டியிலேயே மிஞ்சும். இதில் சட்டத்தின் பக்கமும் உண்டு. முன்கண்ணாடி உள்ள கார்களில், மோட்டார் போன்ற விசையால் சரியாக இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 101-ஆவது விதி.

ஃபியூஸ் சொல்லும் செய்தி: அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு உள்ளிட்ட அக்காலப் பிரிட்டிஷ் கார்களின் மின் அமைப்பு லூக்காஸ் முறையில் அமைந்தது. அந்த முறையில் வைப்பர், பெட்ரோல் அளவுகாட்டி, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவை பெரும்பாலும் ஒரே 35 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மின்சாரம் பெறும். எனவே இவை எல்லாம் ஒருசேரச் செயலிழந்தால் ஃபியூஸையும் அதன் பித்தளைப் பிடிகளில் ஏறிய களிம்பையும் பார்க்க வேண்டும். வைப்பர் மட்டும் நின்றிருந்தால் ஃபியூஸ் மீது பழியில்லை. எரிந்த ஃபியூஸுக்கு மாற்றாக வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கும் பழைய பழக்கம், அடுத்த முறை வயரையே எரித்துவிடும்.

சுவிட்ச் இருக்கும் இடம்: அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் தடுமாறும் இடம் இதுதான். வழக்கமாக மின்சாரம் சுவிட்சைக் கடந்து மோட்டாரை அடையும் என நினைப்போம். பழைய லூக்காஸ் அமைப்புகள் பலவற்றில் சாவியைத் திருப்பியதுமே பச்சை வயர் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் போய்விடும்; சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருந்துகொண்டு சுற்றை முடித்துவைக்கும். இதை அறியாதவர், சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டாரில் 12 வோல்ட் காட்டுவதைக் கண்டு பழுது என்று முடிவு கட்டுவார்.

அத்தகைய வண்டியில் சோதனை எளிது. வயரிங் வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, சாவியைத் திருப்பி, மோட்டாரிலிருந்து சுவிட்சுக்கு வரும் வயரைக் கழற்றி பாடியின் வெற்று உலோகத்தில் தொட வேண்டும். மோட்டார் ஓடினால் அது நலமாக இருக்கிறது. பழுது சுவிட்சில் அல்லது சுவிட்சின் எர்த்தில். பச்சை வயரை மட்டும் ஒருபோதும் பாடியில் தொடக்கூடாது. அது நேரடி ஷார்ட் சர்க்யூட்.

புதிய பெயின்ட், புதிய பழுது: முழுமையாகப் புதுப்பித்து, பளபளவென்று பெயின்ட் அடித்து வந்த காரில் வைப்பர் ஓடாமல் போவது வியப்பல்ல. எர்த் வயர் வந்து சேரும் போல்ட்டின் அடியிலும் பெயின்ட் படிந்து, மின்சாரம் திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது. மோட்டார் ரப்பர் தாங்கிகள் மீது அமர்ந்திருந்தால் அதற்குத் தனி எர்த் வயர் கட்டாயம் தேவை. மீண்டும் பொருத்தும்போது அதை மறந்துவிடுவோரும் உண்டு. வைப்பர் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை மோட்டாரின் எர்த் இணைப்பிலும் வைத்தால் அளவு ஏறத்தாழ பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால், அந்த இடத்தை உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து இறுக்க வேண்டும்.

வைப்பர் ஓடுகிறது, ஆனால் தவழ்கிறது என்றால் முதலில் அசைவுப் பாகங்களைப் பிரித்துவிட்டு மோட்டாரைத் தனியே ஓட்டிப் பார்க்கலாம். தனியே விரைந்து ஓடினால், காய்ந்து இறுகிய கிரீஸோ துருவேறிய அச்சோதான் காரணம். தனியேயும் தவழ்ந்தால் மோட்டார் முனையில் வோல்டேஜ் அளக்க வேண்டும். அது சரியாக இருந்தால்தான் தேய்ந்த கார்பன் பிரஷ் பக்கம் போக வேண்டும். டைனமோ பொருத்திய வண்டிகளில் சிக்னலில் நிற்கும்போது விளக்கும் வைப்பரும் சேர்ந்து சோர்வது இயல்பு. எஞ்சின் வேகம் கூடினால் அவையும் தேறிவிடும்.

சுவிட்சை அணைத்ததும் கண்ணாடியின் நடுவிலேயே வைப்பர் நின்றுவிடுகிறதா? மோட்டாரின் கியர் பெட்டியில் உள்ள ‘பார்க்’ சுவிட்சைப் பார்க்க வேண்டும். நாம் சுவிட்சை அணைத்த பிறகும், வைப்பர் ஓரத்துக்கு வரும்வரை சுற்றை மூடி வைத்திருப்பது அதுவே. அதன் தொடுமுனைகள் அழுக்கேறினால் வைப்பர் நடுவழியில் நிற்கும். ஒட்டிக்கொண்டால் நிற்கவே நிற்காது. எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள வண்டியில், உறை தேய்ந்த சுவிட்ச் வயர் பாடியைத் தொட்டாலும் வைப்பர் ஓயாமல் ஓடும் என்பதால், கியர் பெட்டியைத் திறக்கும் முன் அந்த வயரைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

விட்டுவிட்டு இயங்கும் நவீன ரிலே பொருத்த விரும்புவோர், பேட்டரியின் எந்த முனை பாடியுடன் இணைந்துள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் அது நேர்முனை. மாற்றி இணைத்தால் ரிலே நொடியில் கருகிவிடும்.

வேலை முடிந்ததும் கண்ணாடியை நனைத்து, ஹெட்லைட்டையும் எரியவிட்டு, பத்து நிமிடம் வைப்பரை ஓட்டிய பின் வண்டியை அணைத்து, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். எந்த இணைப்பு சுடுகிறதோ, அதைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே மழையில் வண்டியை எடுக்க வேண்டும்.