சனிக்கிழமை எண்ணெய்க்காரர்களும் எட்டு நாள் விளக்கும்

சி.எஸ்.எம்.டி.யில் லோக்கல் ஏறி உட்கார்ந்து செய்தித்தாளை விரிப்பதற்குள் முதல் நிலையம் வந்துவிடும். மஸ்ஜித். மொத்த விலையில் மசாலாவும் முந்திரியும் வாங்க அங்கே இறங்காத மும்பைத் தமிழர் குறைவு. ஏதோ ஒரு பள்ளிவாசலால் வந்த பெயர் என்றுதான், ரயில்வேயிலேயே வேலை பார்த்த நானும் வெகு காலம் எண்ணியிருந்தேன். "இல்லை அண்ணா, அது எங்கள் மஸ்ஜித்" என்று திருத்தியவர் என்னுடைய போர்மேன். அவர் முஸ்லிம் அல்ல, யூதர்.

1982-ல் டிப்ளமோ முடித்த கையோடு மாட்டுங்கா பணிமனையில் சேர்ந்தேன். அவர் என்னைவிட இருபத்து நான்கு வயது மூத்தவர். இருந்தாலும் இந்த ஊர் வழக்கப்படி எந்தத் தமிழனும் அவருக்கு 'அண்ணா'தான். நான் அவரைக் 'காகா' என்பேன். பார்வைக்கும் பேச்சுக்கும் அசல் கொங்கணத்து மராட்டியர். ஒரே ஒரு வித்தியாசம்: சனிக்கிழமை வேலைக்கு வரமாட்டார், விடுப்புப் போட்டுவிடுவார். அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை எந்த அவசர வேலை வந்தாலும் முதல் ஆளாக நிற்பார்.

மஸ்ஜித் நிலையத்துக்கு அருகே, சாமுவேல் தெரு என்று பெயர் பெற்ற பகுதியில் 'ஷார் ஹரஹமிம்' என்ற யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. 'கருணையின் வாயில்' என்பது அதன் பொருள். 1796-ல் கட்டப்பட்டது. மும்பையின் முதல் யூதத் தொழுகைக்கூடம் இதுவே. கட்டியவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்தவர். திப்பு சுல்தானிடம் போர்க் கைதியாகச் சிக்கி, உயிர் பிழைத்து ஊர் திரும்பினால் ஆண்டவனுக்கு ஓர் ஆலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது அவர்கள் சமூகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அக்கம்பக்கத்தார் அதை 'ஜூனி மஸ்ஜித்', அதாவது பழைய மசூதி என்று அழைத்தார்கள். நிலையத்தின் பெயர் அதனால்தான் வந்தது என்று காகா சொல்வார்.

விளக்குப் பண்டிகை

ஒரு டிசம்பர் மாலை, காகா என்னைத் தாணேயில் இருந்த தம் வீட்டுக்கு அழைத்தார். ஜன்னல் ஓரத்தில் ஒரு பித்தளைத் தாங்கி. அதில் வரிசையாக எட்டுச் சிறு கண்ணாடிக் கிண்ணங்கள், சற்று உயரத்தில் தனியாக ஒன்பதாவது. தண்ணீர் மேல் தேங்காயெண்ணெய் ஊற்றித் திரி மிதக்கவிட்டிருந்தார்கள். நம் வீட்டுத் திருக்கார்த்திகைதான் நினைவுக்கு வந்தது. நாம் பௌர்ணமியில் ஏற்றுகிறோம். அவர்களோ கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள், தேய்பிறையில் தொடங்கி, அமாவாசை இருட்டைத் தாண்டி எட்டு நாள் ஏற்றுகிறார்கள். இதுதான் ஹனுக்கா.

முதல் நாள் ஒரு விளக்கு, இரண்டாம் நாள் இரண்டு, எட்டாம் நாள் எட்டு. உயரத்தில் இருக்கும் ஒன்பதாவதுக்கு 'ஷமாஷ்' என்று பெயர். வேலைக்காரன் என்று பொருள். அதிலிருந்துதான் மற்றவற்றை ஏற்றவேண்டும். ஹனுக்கா விளக்கின் ஒளியில் படிப்பதோ வேலை செய்வதோ கூடாது. அது பார்த்து நினைப்பதற்கு மட்டுமே உரியது. வெளிச்சம் தேவைப்பட்டால் வேலைக்கார விளக்கு இருக்கிறது. எட்டு நாளுக்கும் மொத்தம் எத்தனை விளக்கு என்று காகாவின் மகன் என்னைக் கேட்டான். 36-உம் ஷமாஷ் 8-உம் சேர்ந்து 44 என்று சொல்லி டிப்ளமோவின் மானத்தைக் காப்பாற்றினேன்.

எட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வரலாமே என்று பழங்காலத்தில் ஷம்மாய் என்ற அறிஞரின் வழியினர் வாதாடினார்கள். புனிதமானதைக் கூட்டவேண்டுமே தவிரக் குறைக்கக்கூடாது என்றார்கள் ஹில்லெல் என்ற அறிஞரின் வழியினர். அவர்கள் சொன்னதுதான் நிலைத்தது.

பண்டிகையின் வரலாறு இது. கி.மு. 175-ல் சிரியாவின் கிரேக்க அரியணையில் ஏறிய நான்காம் அந்தியோக்கஸ், யூதர்களைக் கிரேக்கர்களாக மாற்ற முற்பட்டான். ஓய்வுநாள் அனுசரிக்கத் தடை. ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யத் தடை. விலக்கப்பட்ட பன்றி இறைச்சியை உண்ணக் கட்டாயம். எருசலேம் ஆலயத்தில் வேற்றுப் பலிபீடம். மோதீன் என்ற சிற்றூரில் மத்தத்தியா என்ற முதிய குரு எதிர்த்து எழுந்தார். அவர் மறைந்தபின் மகன் யூதா மக்கபே போரை நடத்தி, கி.மு. 164-ல் ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்து மறுபடியும் அர்ப்பணித்தார். ஹனுக்கா என்ற சொல்லுக்கே அர்ப்பணிப்பு என்றுதான் பொருள். ஒரு நாளைக்குப் போதுமான தூய எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற அற்புதக் கதை, பின்னாளில் தொகுக்கப்பட்ட தல்மூதில் வருகிறது.

விளக்கேற்றும்போது சொல்லும் வாழ்த்துகளில் ஒன்று, முன்னோருக்கு இதே பருவத்தில் அற்புதம் செய்தவனுக்கு நன்றி கூறுகிறது. ஆகவே ஹனுக்கா முன்னோரை நினைக்கும் விழாவும்கூட.

கப்பல் உடைந்து கரையேறியவர்கள்

இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருக்காமல், "உங்கள் முன்னோரும் இப்படித்தான் ஏற்றினார்களா, காகா?" என்றேன். "இல்லை அண்ணா. எங்கள் முன்னோருக்கு ஹனுக்கா என்றால் என்ன என்றே தெரியாது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

காகாவின் சமூகத்துக்கு 'பெனே இஸ்ரேல்' என்று பெயர். இஸ்ரவேலின் மக்கள் என்று பொருள். அவர்களுடைய மரபுக் கதையின்படி, அந்தியோக்கஸின் கொடுமைக்கு அஞ்சி நாட்டைவிட்டுக் கப்பலேறியவர்கள், அலிபாக் அருகே நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து தத்தளித்தார்கள். பிழைத்தவர்கள் ஏழு ஆண்கள், ஏழு பெண்கள். மற்றவர்களின் உடல்கள் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டன. அந்த இடத்தில் இன்றும் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. புத்தகம், பொருள் அனைத்தும் கடலோடு போயின. யூதா மக்கபேயின் வெற்றிக்கு முன்பே புறப்பட்டுவிட்டதால், அந்த வெற்றி விழா அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். வந்த காலம் பற்றி ஆய்வாளர்கள் வேறு கணக்குகளும் சொல்கிறார்கள். 2016-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இவர்களிடம் யூத வழியும் இந்திய வழியும் கலந்திருப்பதைக் காட்டியது.

கரையேறியவர்கள் கொங்கணக் கிராமங்களில் பரவிச் செக்கு ஓட்டிப் பிழைத்தார்கள். ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயர் ஆயிற்று. திவே ஊரார் திவேகர், பேண் ஊரார் பேண்கர், கிஹீம் ஊரார் கிஹீம்கர். மராட்டிதான் தாய்மொழி. பெண்கள் புடவை கட்டினார்கள். ஆனால் சனிக்கிழமை மட்டும் அவர்களுடைய செக்கு சுற்றாது. ஆகவே ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்.

சனிக்கிழமை ஓய்வு, எட்டாம் நாள் விருத்தசேதனம், உணவு விலக்கு, கடவுள் ஒருவரே என்னும் 'ஷெமா' மந்திரம். ஏறக்குறைய இவ்வளவுதான் மிஞ்சியது. திருமணத்துக்கும் துக்கத்துக்கும் அந்த ஒரே மந்திரம்தான். பின்னர் தாவீது ரகாபி என்ற யூதர் இவர்களைக் கண்டு, யூதர்தானா என்று அறியப் பெண்களிடம் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். துடுப்பும் செதிலும் உள்ள மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை நாங்கள் தொடமாட்டோம் என்று ஒதுக்கிவிட்டார்களாம். தோராவில் சொன்ன விதியும் அதுவே. எழுத்து போய்விட்டாலும் அடுப்படியில் மதம் இருந்தது. ரகாபி மூன்று குடும்பத்தாருக்குச் சமயக் கல்வி தந்து ஆசான்களாக்கினார் என்பர். பிற்காலத்தில் கொச்சி யூதர்களும் பாக்தாத் யூதர்களும் வந்து பழகியபின், மறந்துபோன பண்டிகைகள் திரும்பி வந்தன. ஹனுக்காவும் அப்படி வந்ததுதான்.

அன்று இரவு காகா சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை. "அந்த ராஜா எதையெல்லாம் தடை செய்தானோ, சனிக்கிழமை, சுன்னத்து, சாப்பாடு, அதையெல்லாம்தான் எங்கள் செக்காட்டிகள் காப்பாற்றினார்கள். விளக்கு ஏற்றவில்லை. விளக்கு எதற்காகவோ அதைச் செய்தார்கள். வருஷம் முழுக்க எண்ணெய் ஆட்டினவர்களுக்கு எண்ணெய்ப் பண்டிகை தெரியவில்லை, பாருங்கள்! அதனால்தான் அவர்களுக்கும் சேர்த்து நான் ஏற்றுகிறேன்."

முன்னோருக்கு வந்த சோதனை

பெனே இஸ்ரேலர் முன்னோரை மறவாதவர்கள். அலிபாக்கில் 1848-ல் எழுந்த அவர்களுடைய தொழுகைக்கூடத்தின் பெயரே 'மாகேன் அபோத்', முன்னோரின் கேடயம் என்று பொருள். நல்ல காரியங்களுக்கு 'மலீதா' என்று ஒரு படையல் செய்கிறார்கள். அவல், வெல்லம், தேங்காய்த் துருவல், பழங்கள் கலந்து வைத்து எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாடுவது. ருசியில் அசல் நம்முடைய வெல்ல அவல்தான். ஹயீம் சாமுவேல் கிஹீம்கர் என்ற பெரியவர் 1875-ல் மும்பையில் தம் சமூகப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சமூக வரலாற்றையும் விரிவாக எழுதினார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 1937-ல்தான் அது அச்சேறியது. அவர் எழுதியிராவிட்டால் நவ்காவ் கதையில் பாதி போயிருக்கும்.

1948-ல் இஸ்ரேல் நாடு உருவானபின் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். அங்கே ஒரு புதிய சோதனை. 1962-ல் அந்நாட்டுத் தலைமைக் குருமார்கள், பெனே இஸ்ரேலர் மற்ற யூதர்களை மணக்கவேண்டுமானால் முன்னோர் வழியை விசாரிக்கவேண்டும் என்றார்கள். எந்த முன்னோர் சனிக்கிழமைதோறும் செக்கை நிறுத்தினார்களோ, அவர்கள் மேலேயே சந்தேகம்! இவர்கள் போராடினார்கள். 1964-ல் அந்நாட்டுப் பாராளுமன்றம், இவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்று அறிவித்தது.

இந்தியாவில் மிஞ்சியவர்கள் சில ஆயிரம் பேரே. கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் தேவை. கொங்கணத்துச் சிற்றூர்களில் அந்தப் பத்துப் பேர் கூடுவதே அரிது. ஆனால் ஹனுக்கா விளக்குக்குப் பத்துப் பேர் வேண்டாம். ஒரு வீடும் ஒரு திரியும் போதும்.

காகாவின் கடிதம்

காகா 1994-ல் ஓய்வு பெற்றார். மகன்களுடன் இருக்க 1996-ல் மனைவியோடு இஸ்ரேலின் அஷ்தோத் நகருக்குப் போய்விட்டார். பித்தளைத் தாங்கியும் கூடவே போயிற்று. அங்கிருந்து எழுதிய கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். "இங்கே எல்லாரும் யூதர். ஆகவே சனிக்கிழமையைக் காப்பாற்ற நான் தேவையில்லை. பேரப்பிள்ளைகளுக்கு மராட்டி வரவில்லை. இப்போது அதுதான் என் வேலை." அங்கே 'மாய்போலி', அதாவது தாய்மொழி என்ற பெயரில் இவர்கள் மராட்டிப் பத்திரிகை நடத்தியதையும் எழுதியிருந்தார். நம் சங்க இதழைப் போலத்தான். 2011-ல் காகா காலமானார். தாங்கியில் இப்போது பேரன் விளக்கேற்றுகிறான்.

அந்தக் கடிதத்தைப் படித்தபோது என் வீட்டைப் பார்த்தேன். ஊரின் முதலெழுத்தும் தந்தையின் முதலெழுத்தும் என் பெயருக்கு முன்னால் நிற்கின்றன. என் மகனின் பள்ளிப் படிவத்தில் ஊர் உதிர்ந்துபோய், என் பெயர் அவனுக்குக் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அவன் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பேத்திக்குத் தமிழ் புரியும், பதில் இந்தியில் வரும். குறை அவர்களுடையது அல்ல. ஓவர்டைம் பார்த்த மாலைகளில் நான் கற்றுத்தரவில்லை. காகா ஒருமுறை, "உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் என்ன, அண்ணா?" என்று கேட்டதற்கும் நான் விழித்தேன். பிறகு ஊரிலிருக்கும் அத்தைக்குப் போன் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் காப்பாற்ற யாராலும் முடியாது. கப்பல் உடைந்தவர்கள் கைக்கு எட்டிய நாலைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நாலை விடவில்லை, மற்றவை ஒரு நாள் திரும்பி வந்தன. நம் ஒவ்வொரு வீட்டிலும் அந்த நாலு எவை என்று உட்கார்ந்து பேசினால் நல்லது. என் வீட்டில் இப்போதைக்கு ஒன்றுதான் தொடங்கியிருக்கிறேன். ஞாயிறு மாலை பேத்திக்கு ஒரு தமிழ் எழுத்தும், முன்னோர் ஒருவரின் பெயரும். ஹில்லெல் வழியினர் சொன்னபடி, குறைக்காமல் கூட்டிக்கொண்டே போவதாக உத்தேசம். போன வாரம் அவள் தன் எள்ளுத்தாத்தாவின் பெயரை எழுதினாள். ழகரம் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.