மரத்தவளைகளின் எடை, உடல்நலக் கண்காணிப்பு

மரத்தவளைகளின் எடை, உடல்நலக் கண்காணிப்பு என்பது வளர்ப்பிலும் இயற்கைச் சூழலிலும் உள்ள மரத்தவளைகளின் எடை, நீளம், தோல், நடத்தை ஆகியவற்றைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளந்து பதிவு செய்யும் முறையாகும். பகலில் இயல்பாக உறங்கும் தவளையும் நோயினால் அசையாதிருக்கும் தவளையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால், தொடர்ச்சியான அளவீடே பெரும்பாலும் நோயின் முதல் அறிகுறியைத் தருகிறது.

திருநெல்வேலிப் பகுதி மரத்தவளைகள்

வள்ளியூர் உள்ளிட்ட தென் தமிழகச் சமவெளிகளில், வீட்டுக் குளியலறைகளிலும் தண்ணீர்த் தொட்டிகளின் அருகிலும் காணப்படுவது பாலிபெடேட்டஸ் மாக்குலேட்டஸ் என்னும் இந்திய மரத்தவளையாகும். இதில் பெண், ஆணைவிடப் பெரியது. வள்ளியூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் வேறு பல இனங்கள் வாழ்கின்றன. 1927இல் விவரிக்கப்பட்ட ராக்கோஃபோரஸ் கல்காடென்சிஸ் என்னும் மரத்தவளை, களக்காட்டின் பெயரையே தன் அறிவியற் பெயரில் கொண்டுள்ளது.

எடை அளத்தல்

தவளை நீரை வாயால் குடிப்பதில்லை. வயிற்றுப்புறத் தோலின் வழியாக உறிஞ்சுகிறது. அந்நீரின் ஒரு பகுதி சிறுநீர்ப்பையில் சேமிக்கப்படுகிறது. கையில் பிடித்தவுடன் பல தவளைகள் சிறுநீர் கழித்துவிடும். எனவே ஒரே தவளை, ஒரே நாளில் இருவேறு எடை காட்டக்கூடும். உடலியல் ஆய்வாளர்கள் சிறுநீர்ப்பையை வெறுமையாக்கிய பின் கிடைக்கும் எடையைத் திட்ட எடையாகக் கொள்கின்றனர். வளர்ப்போர் ஒரே நேரத்தில், உணவளிக்கும் முன், ஒரே தராசில் நிறுத்தல் போதுமானது.

மூடியுள்ள சிறிய நெகிழிப் பெட்டியைத் தராசில் வைத்து, அளவைச் சுழியாக்கிய பின் தவளை அதனுள் விடப்படுகிறது. பெரிய இனங்களுக்கு 0.1 கிராம் நுட்பமுள்ள தராசும், சிறிய புதர்த்தவளைகளுக்கு நகைக்கடைகளில் உள்ளதுபோன்ற 0.01 கிராம் நுட்பமுள்ள தராசும் தேவை.

எடுத்துக்காட்டாக, வாரம் ஒருமுறை எடுத்த எடைகள் 20.0, 18.5, 20.2, 19.4 கிராம் எனில், அது பெரும்பாலும் நீர் அளவின் ஏற்ற இறக்கமே. 20.0, 19.1, 18.2, 17.4 என அமையின், நான்கு அளவீடுகளில் 13 விழுக்காடு இழப்பு ஏற்பட்டுள்ளது, இது கவனிக்கத்தக்கது. முட்டையிட்ட பெண் தவளையின் எடை திடீரெனக் குறைதல் இயல்பு.

உடல்நிலைக் குறியீடு

எடையை மட்டும் கொண்டு தவளை மெலிந்ததா பருத்ததா எனக் கூறவியலாது. மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரையுள்ள நீளமும் தேவை. ஒரே உடல்வாகுள்ள தவளைகளில் எடை ஏறத்தாழ நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 6 செ.மீ. தவளை 12 கிராம் எனில், அதே வாகுள்ள 7 செ.மீ. தவளை சுமார் 19 கிராம் இருக்கும். உலகெங்கும் பரவலாக வளர்க்கப்படும் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை மிகையுணவால் எளிதில் பருத்துவிடும். கண்களுக்குப் பின்னுள்ள தோல் மடிப்பு தடித்துத் தொங்குதல் இதன் அடையாளம்.

எடை காட்டாத நோய்கள்

சுண்ணாம்புச்சத்துக் குறைவினால் எலும்புகள் மென்மையாகி, தாடை வளைந்து, கால்கள் நடுங்கும். கைட்ரிட் எனப்படும் தோல் பூஞ்சை நோயின் காரணி 1999இல் விவரிக்கப்பட்டது. பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் கண்டறியப்பட்டது. இப்பூஞ்சை தோலின் வழியான உப்புக் கடத்தலைக் குலைத்து, இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளவுகளைக் குறைத்து, இதயத்தை நிறுத்திவிடுவதாக 2009இல் பச்சை மரத்தவளைகளில் நடந்த ஆய்வு காட்டியது. அளவுக்கு மீறித் தோல் உரிதல், பகலில் திறந்த வெளியில் அமர்ந்திருத்தல், மல்லாத்தினால் திரும்ப இயலாமை ஆகியன இதன் அறிகுறிகள். ஆகவே ஒவ்வொரு தவளைக்கும் புதிய கையுறையும் பையும் பயன்படுத்த வேண்டும்; இல்லையெனில் அளப்பவரே நோயைப் பரப்புபவர் ஆகிவிடுவார்.

இயற்கைச் சூழலில் உள்ள வரம்புகள்

அளவீடும் தீங்கு விளைவிக்கலாம். ராவோர்செஸ்டெஸ் கலசோடெஸ் என்னும் சிறு தவளை மூங்கிலின் உட்குழலில் முட்டையிடுகிறது. ஆண் தவளை அவற்றைக் காக்கிறது. களக்காடு முண்டந்துறையில் நடந்த ஆய்வொன்றில், காவல் ஆண் அகற்றப்பட்டபோது முட்டைகள் பிற ஆண்களுக்கு இரையாயின. எடை பார்ப்பதற்காகத் தந்தையை வெளியே எடுப்பது ஒரு தலைமுறை முட்டைகளை இழக்கச் செய்யலாம்.

காப்பகத்தினுள் உயிரினங்களைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆய்வுக்கும் முன் அனுமதி தேவை. வீட்டுக்கு வரும் இந்திய மரத்தவளையைப் பொறுத்தவரை, அதைப் பிடித்து அடைக்காமல், தொடாமல் நோக்கி, ஒளிப்படம் எடுத்து நாளும் இடமும் குறித்து வைத்தலே ஏற்ற கண்காணிப்பு முறையாகும்.